மாதொருபாகன்: படித்தபின் சொல்லும் கருத்து

காமத்தைப் பொருளாகக் கொண்ட புதினம் ஒன்று சர்ச்சைக்கு உள்ளாகும்போது, நூல் நம் கைக்கு வருமுன் அதைப் பற்றிய தீர்ப்பு வந்து சேர்ந்துவிடுகிறது. பிரிக்பீல்ட்சில் புத்தகக் கடை ஏறி நூலைக் கேட்பதற்கு முன்பே, புலனக் குழுக்களில் நாலைந்து பக்கங்களின் படங்களும் அவற்றின் கீழே கடுமையான கண்டனமும் வந்துவிடுகின்றன. அதே வேகத்தில் நூலை வானளாவப் புகழும் குரலும் வருகிறது. இவ்விரு குரல்களுக்கும் நடுவே நிற்கும் வாசகர் தமக்கெனக் கருத்தொன்றை எவ்வாறு அமைத்துக்கொள்வது என்பதே இக்கட்டுரையின் பொருள். அதற்குப் பெருமாள்முருகன் எழுதிய 'மாதொருபாகன்' புதினத்தை எடுத்துக்காட்டாகக் கொள்கிறோம். காமம், சமூகம், வரலாறு ஆகிய மூன்றையும் பற்றிய சினம் ஒரே நூலின்மீது பாய்ந்தமையால், கருத்து எவ்வாறு உருவாகிறது, எவ்வாறு குழம்புகிறது என்பதை இந்நிகழ்வில் தெளிவாகக் காணலாம்.

நிகழ்ந்தது

'மாதொருபாகன்' 2010இல் காலச்சுவடு பதிப்பகத்தின் வழி வெளிவந்தது. நான்கு ஆண்டுகள் அது பெரும் எதிர்ப்பின்றிப் படிக்கப்பட்டது. அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பு வந்த பின்னர், 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு மூண்டது. நூலின் சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டு ஊரில் பரப்பப்பட்டன. டிசம்பர் 26ஆம் நாள் நூற்படிகள் எரிக்கப்பட்டன. 2015 ஜனவரி 9ஆம் நாள் கடையடைப்பு நடந்தது. ஜனவரி 12ஆம் நாள் நாமக்கல் மாவட்ட நிருவாகம் கூட்டிய பேச்சில், நிபந்தனையற்ற வருத்தம் தெரிவிப்பதாகவும் விற்காத படிகளைத் திரும்பப் பெறுவதாகவும் எழுதித்தர வேண்டிய நிலைக்கு ஆசிரியர் தள்ளப்பட்டார். அதன்பின், எழுத்தாளர் பெருமாள்முருகன் இறந்துவிட்டார் என்று அவரே தம் முகநூலில் அறிவித்தார்.

வழக்கு சென்னை உயர்நீதிமன்றத்திற்குச் சென்றது. தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் அடங்கிய அமர்வு 2016 ஜூலை 5ஆம் நாள் தீர்ப்பளித்தது. அந்த எழுத்துவழி உடன்பாடு ஆசிரியரைக் கட்டுப்படுத்தாது என்றும், நூலைத் தடைசெய்யக் காரணமில்லை என்றும் கூறி, ஆசிரியரை மீண்டும் எழுத அழைத்து அத்தீர்ப்பு முடிந்தது. ஏறத்தாழ 18 திங்கள் தமிழ் எழுத்தாளர் ஒருவர் எழுத்துலகிலிருந்து தம்மை விலக்கிக்கொண்டார் என்பதை நாம் மறத்தலாகாது. ஒரு நூலைப் பற்றி அவசரத்தில் கூறும் கருத்து வெறும் பேச்சாக நின்றுவிடுவதில்லை.

நூலில் உள்ளது

விடுதலைக்கு முந்தைய கொங்கு நாட்டில் காளி, பொன்னா என்னும் உழவர் குடி இணையர் வாழ்கின்றனர். ஒருவர்மீது ஒருவர் தீராத விருப்பமுடையவர்கள். மணமாகிப் பல ஆண்டுகளாகியும் குழந்தை இல்லை. அதனால் உறவினர் வீட்டு நிகழ்ச்சிகளில் பொன்னா ஒதுக்கப்படுகிறாள். காளியின் ஆண்மை ஏளனம் செய்யப்படுகிறது. அவனுக்கு இரண்டாந்தாரம் பேசப்படுகிறது. செய்யாத வேண்டுதல் இல்லை. இறுதியில் திருச்செங்கோட்டு அர்த்தநாரீசுவரர் கோயில் தேர்த் திருவிழாவின் 14ஆம் நாள் இரவை நோக்கிக் குடும்பத்தார் பொன்னாவை அனுப்ப முற்படுகின்றனர். அன்றிரவு கூடும் ஆடவர் தெய்வமாகக் கருதப்படுவர் என்பதும், குழந்தையற்ற பெண்கள் அங்குச் சென்று கருவுற்று மீள்வர் என்பதும் கதையில் வரும் வழக்கம். காளி இதற்கு உடன்படவில்லை. அவன் உடன்பட்டதாக நம்பவைத்துப் பொன்னாவை அழைத்துச் செல்கின்றனர். தலைப்பு சிவபெருமானின் திருவுருவைச் சுட்டுகிறது. ஒருவர் உடலில் மற்றவர் பாதியாய் வாழ்ந்த இணையரை ஊர்ச்சொல் பிளப்பதே கதை.

நகலெடுத்த பக்கங்களில் அத்திருவிழா இரவு மட்டுமே தெரியும். அவ்விரவுக்கு முன்னே நூல் நெடுகப் பரவிக் கிடக்கும் அவமானம் தெரியாது. அந்த அவமானத்தைப் படியாமல் அவ்விரவைப் படிப்பவர் இன்பக் கதை ஒன்றைக் காண்பார். முழுதும் படிப்பவர் துயரக் கதையைக் காண்பார். பக்கங்களில் உள்ள சொற்கள் இருவருக்கும் ஒன்றுதான். மொழியியலில் சூழற்பொருள் என்று நாம் கூறுவது இதனையே.

'ஆபாசம்' என்னும் சொல்

இவ்வகை நூல்கள்மீது முதலில் வீசப்படும் சொல் 'ஆபாசம்'. இது வடமொழியில் தோற்றம், போலித் தோற்றம் எனப் பொருள்படும். சுவைபோலத் தோன்றிச் சுவையாகாததை வடமொழிக் கவிதையியலார் ரசாபாசம் என்றனர். தமிழில் அச்சொல் பாலியல் இழிவைக் குறிப்பதாகக் குறுகிவிட்டது. 'காமம்' என்னும் சொல்லுக்கும் இழிபொருட்பேறு நேர்ந்துள்ளது. சங்க இலக்கியத்தில் அது காதலின் முழு அளவையும் குறித்தது. திருக்குறளின் மூன்றாம் பால் 25 அதிகாரங்களில் 250 குறட்பாக்களைக் கொண்டு அப்பெயரையே தாங்கி நிற்கிறது. இன்று அச்சொல்லை மேடையில் கூறவே பலர் தயங்குகின்றனர். நறுமணத்தைக் குறித்த 'நாற்றம்' தீமணத்தைக் குறிக்கலானது போன்ற மாற்றமே இதுவும். எனவே ஒரு நூல் காமத்தைப் பேசுகிறது என்பதும் அந்நூல் ஆபாசமானது என்பதும் வெவ்வேறு கூற்றுகள். முதலாவது பொருளைச் சுட்டுகிறது. இரண்டாவது அப்பொருளைக் கையாண்ட முறைமீது தீர்ப்புக் கூறுகிறது. முறையைக் காணாமல் தீர்ப்பு இல்லை.

நம் இலக்கண மரபு இவ்வேறுபாட்டை அறிந்திருந்தது. அவையில் கூறத் தகாத சொல்லைத் தொல்காப்பியம் அவையல் கிளவி என்றது. அதனை மறைத்துக் கூறும் முறையை நன்னூல் இடக்கரடக்கல் என்றது. 'அவை' என்னும் சொல்லே இங்குக் கருதத்தக்கது. ஒரு சொல் தகுமா தகாதா என்பதை அது வழங்கும் இடத்தை வைத்தே நம் முன்னோர் அளந்தனர். ஊராரின் கூச்சமற்ற பேச்சு புதினத்தில் வரும்போது, அதைப் பேசுபவர் யார், யாரிடம், ஆசிரியர் அதனை ஏற்கிறாரா காட்டுகிறாரா என்று கேட்க வேண்டும். கொங்கு வட்டாரச் சொல்லகராதி தொகுத்தவர் பெருமாள்முருகன். அவருடைய மாந்தர் அவ்வட்டாரத்தின் வாய்மொழியில் பேசுகின்றனர். அவ்வாய்மொழியைத் தூய்மை செய்தால் பொன்னாவைக் காயப்படுத்திய சொற்களின் கூர்மை மறைந்துவிடும்.

முழுமை என்னும் அளவுகோல்

இங்கிலாந்தில் 1868ஆம் ஆண்டின் ஹிக்லின் வழக்கில் வகுத்த அளவுகோல், தீய தாக்கத்துக்கு ஆட்படக்கூடியோர் மனத்தை நூல் கெடுக்குமா என்று கேட்டது. அதன்படி தனித்த பகுதிகளைக் கொண்டே நூலைத் தண்டிக்க இயன்றது. 1959ஆம் ஆண்டுச் சட்டம் நூலை முழுமையாகக் கருதுமாறு பணித்தது. மறு ஆண்டே டி. எச். லாரன்சின் 'லேடி சாட்டர்லீஸ் லவர்' வழக்குமன்றம் ஏறியது. நடுவர் குழுவினர் 12 பேரும் நடுவர் குழுவுக்குரிய அறையில் அமர்ந்து நூலைப் படித்த பின்னரே சாட்சியம் கேட்டனர். முடிவில் பதிப்பாளர் விடுவிக்கப்பட்டார். இந்திய உச்சநீதிமன்றமோ 1964இல், அதே நூலை விற்ற பம்பாய்ப் புத்தக வணிகரின் வழக்கில், நூல் ஆபாசமானதே என முடிவு செய்தது. முழுமையாகப் படித்தால் அனைவரும் ஒரே முடிவுக்கு வருவர் என நாம் கூறவில்லை. படித்தபின் வேறுபடுவது வேறு. படியாமல் வேறுபடுவது வேறு.

நம் நாட்டு நிலை

ஆபாச நூல் விற்பனையைக் குற்றமாக்கிய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவும் மலேசியத் தண்டனைச் சட்டத்தின் 292ஆம் பிரிவும் ஒரே குடியேற்றக் கால மூலத்தின் கிளைகள். அதற்கு மேலாக, 1984ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டம் நூலைத் தடைசெய்யும் அதிகாரத்தை உள்துறை அமைச்சருக்கு அளிக்கிறது. 'ஃபிஃப்டி ஷேட்ஸ் ஆஃப் கிரே' என்னும் ஆங்கிலப் பாலுறவுக் காதற் புதினத்தின் திரைவடிவம் 2015இல் இங்குத் திரையிட மறுக்கப்பட்டது. அவ்வாண்டே நூல்களும் தடைசெய்யப்பட்டன. சட்டத்தை மதிப்பது குடிமகனின் கடமை. எனினும் ஒரு நூல் விற்கப்படலாமா என்பதே சட்டத்தின் கேள்வி. அந்நூல் நல்லதா என்னும் கேள்வியைச் சட்டம் நமக்காக விடுவிப்பதில்லை.

நாமே எதிர்ப்பாளராக நின்ற நிகழ்வும் உண்டு. அப்துல்லா உசேன் 1971இல் வெளியிட்ட 'இண்டர்லோக்' என்னும் மலாய்ப் புதினம், 2011இல் சிலாங்கூர், கோலாலம்பூர் உள்ளிட்ட பகுதிகளின் 5ஆம் படிவ மாணவர்க்குப் பாடநூலாயிற்று. இந்தியரைக் குறிக்கச் சாதி இழிசொல் கையாளப்பட்டதை நம் சமூகத்தினர் பலர் எதிர்த்தனர். அவ்வாண்டின் இறுதியில் நூல் பாடத்திட்டத்திலிருந்து நீக்கப்பட்டது. இரு நிகழ்வுகளையும் அருகருகே வைத்தால் முக்கியமான வேறுபாடு ஒன்று புலப்படும். பாடநூலை மாணவர் மறுக்க இயலாது. கடையில் உள்ள புதினத்தை வாசகர் வேண்டாமென விட்டுவிடலாம். 'இந்நூல் வகுப்பறைக்கு ஏற்றதா?' என்பதும் 'இந்நூல் இருக்கலாமா?' என்பதும் தனித்தனிக் கேள்விகள். கிள்ளானில் பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோர் முதற்கேள்விக்கு 'இல்லை' எனக் கூறுவதற்கு முழு உரிமையுடையவர். அந்த விடையை இரண்டாம் கேள்விக்கும் விடையாக்கும்போதே குழப்பம் பிறக்கிறது.

கருத்தை அமைக்கும் முறை

முதலில், எந்தக் குற்றச்சாட்டு எழுந்துள்ளது என்பதைப் பிரித்தறிய வேண்டும். 'மாதொருபாகன்' ஆபாசமானது என்றனர். ஊரையும் சமூகத்தையும் இழிவுபடுத்துகிறது என்றனர். அத்தகைய வழக்கத்துக்கு வரலாற்றுச் சான்றில்லை என்றனர். முதலாவதற்கு விடை நூலின் நடையிலும் நோக்கிலும் உள்ளது. இரண்டாவதற்கு, பழியைக் கதை எவர்மீது சுமத்துகிறது என்று காண வேண்டும். மூன்றாவதற்குப் புதினம் மட்டும் போதாது. அதைக் கள ஆய்வும் ஆவணங்களும் கூற வேண்டும். உண்மையான ஊரின் பெயரையும் கோயிலின் பெயரையும் கதையில் வைக்கும் ஆசிரியர் அவ்வூராரின் கேள்விக்கு உரியவராகிறார் என்று ஒருவர் வாதிட்டால், அவ்வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது. ஆனால் அதற்கு உரிய விடை மறுப்புக் கட்டுரை. தீ அதற்கு விடையாகாது.

அடுத்து, நூலைத் தொடக்கம் முதல் இறுதி வரை படித்துவிட்டு, மதிப்புரைகளைத் தேடுமுன் நம் கருத்தை ஓரிரு பத்திகளில் எழுதிக்கொள்ள வேண்டும். எந்த இடத்தில் கூசினோம், எந்த இடத்தில் இரங்கினோம், எந்த இடத்தில் ஆசிரியர் வேண்டுமென்றே தூண்டுவதாகத் தோன்றியது என்பனவற்றைப் பக்க எண்ணோடு குறிப்பது நன்று. கூச்சம் தோன்றியதாலேயே நூல் தீயதென முடிவு செய்யலாகாது. கூச்சத்தை மறைத்து நூலைப் போற்றுவதும் நேர்மையாகாது. அதன்பின் எதிர்த்தவரையும் ஆதரித்தவரையும் படித்தால், அவர்கள் நமக்கு வழக்காடுநராக மட்டுமே தோன்றுவர். தீர்ப்பு நம்மிடமே இருக்கும்.

இவ்வாறு படித்தபின் 'இந்நூல் எனக்குப் பிடிக்கவில்லை' என்று ஒருவர் கூறினால், அக்கருத்து மதிக்கத்தக்கது. 'மாதொருபாகன்' முடிந்த இடத்திலிருந்து 'ஆலவாயன்', 'அர்த்தநாரி' என இரு வேறு தொடர்ச்சிகளைப் பெருமாள்முருகன் எழுதினார். ஒன்றில் காளி இறக்கிறான், மற்றொன்றில் வாழ்கிறான். தம் கதைக்கே இரு முடிவுகளை ஆசிரியர் ஏற்கும்போது, வாசகரிடையே இரு கருத்துகள் இருப்பதில் வியப்பில்லை. நம் படிப்பு வட்டங்களில் இத்தகைய நூலொன்று பேசப்படும் நாளில், அதை முழுதும் படித்தவர்கள் முதலில் பேசட்டும். படியாதவர்கள் கேட்டிருந்து, நூலை எடுத்துச் சென்று படித்து, அடுத்த கூட்டத்தில் தம் கருத்தைக் கூறட்டும்.