பூட்டாமல் விட்ட ஒரு பூட்டு!



உங்கள் வீட்டு மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறதா? மோட்டாரைப் போட்டுவிட்டு டி.வி. முன்னால் உட்கார்ந்து மறந்து போனதுண்டா? தொட்டி நிரம்பி, சுவரெல்லாம் தண்ணீர் வழியும். "மோட்டாரை நிறுத்துங்க!" என்று பக்கத்து வீட்டிலிருந்து குரல் வரும். ஓடிப் போய் ஸ்விட்சை அணைப்போம். அம்மாவிடம் திட்டு வாங்குவோம். அதோடு சரி.

அந்தத் தொட்டியில் தண்ணீருக்குப் பதில் பெட்ரோல் இருந்தால்? அதுவும் அறுபது லட்சம் லிட்டர் பிடிக்கிற ராட்சதத் தொட்டியாக இருந்தால்? குரல் கொடுக்க ஆளில்லாத பின்னிரவு நேரமாக இருந்தால்?

அப்படி ஒரு சம்பவம் உண்மையாகவே நடந்தது.

இங்கிலாந்தில் ஓர் இரவு

லண்டனுக்கு வடமேற்கே சுமார் 40 கி.மீ. தொலைவில் ஹெமல் ஹெம்ப்ஸ்டெட் என்ற ஊர் இருக்கிறது. அதன் அருகே பன்ஸ்ஃபீல்ட் என்ற இடத்தில் பெரிய எண்ணெய்க் கிடங்கு இருந்தது. பெட்ரோல், டீசல், விமான எரிபொருள் எல்லாம் பூமிக்கடியில் பதித்த குழாய்கள் வழியாக அங்கே வந்து சேரும். வட்ட வடிவ இரும்புத் தொட்டிகளில் நிரப்பி வைத்து, டேங்கர் லாரிகளில் ஏற்றி அனுப்புவார்கள்.

2005 டிசம்பர் 10, சனிக்கிழமை. இரவு 7 மணியளவில் 912 என்ற எண் கொண்ட தொட்டிக்குள் பெட்ரோல் பாயத் தொடங்கியது. விடிய விடியப் பாய்ந்தது. ஞாயிறு அதிகாலை சுமார் 5.20 மணிக்குத் தொட்டி நிரம்பிவிட்டது. ஆனால், குழாய் நிற்கவில்லை!

தொட்டியின் உச்சியிலிருந்து பெட்ரோல் அருவி போலக் கொட்டியது. அது காற்றில் சிதறி ஆவியானது. காற்றே வீசாத குளிர்கால இரவு அது. அதனால் ஆவி கலையாமல், வெண்பனி மூட்டம் போலத் தரையோடு தரையாகப் பரவியது. கண்காணிப்புக் கேமராக்களில் இந்த மூட்டம் பதிவாகியிருக்கிறது.

காலை 6.01 மணி. எங்கோ ஒரு பொறி. பயங்கர வெடிச் சத்தம்! நிலநடுக்கத்தை அளக்கும் கருவிகளில்கூட அந்த அதிர்ச்சி பதிவானது. ரிக்டர் அளவில் அது 2.4. இருபதுக்கும் மேற்பட்ட தொட்டிகள் தீப்பற்றி நாள்கணக்கில் எரிந்தன. 40-க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். ஞாயிறு அதிகாலை என்பதால் பக்கத்திலிருந்த தொழிற்பேட்டையில் ஆள் நடமாட்டம் இல்லை. அதனால் ஓர் உயிர்கூடப் போகவில்லை. வேலை நாளாக இருந்திருந்தால்? நினைக்கவே நடுங்குகிறது, இல்லையா?

மூன்று காவலர்கள்

இவ்வளவு பெரிய தொட்டிக்குக் காவல் இல்லாமலா இருக்கும்? ஒன்றல்ல, மூன்று காவல்கள் இருந்தன. மூன்றுமே தோற்றுப் போயின. எப்படி என்று பார்ப்போம்.

முதல் காவலர் - அளவுமானி. தொட்டிக்குள் எவ்வளவு எண்ணெய் இருக்கிறது என்று கட்டுப்பாட்டு அறையில் உள்ள திரைக்குச் சொல்லும் கருவி இது. எண்ணெய் மட்டம் ஏற ஏற, திரையில் தெரியும் அளவும் ஏற வேண்டும். அன்று அதிகாலை சுமார் 3 மணிக்கு அது சிக்கிக் கொண்டது. மூன்றில் இரண்டு பங்கு நிரம்பியிருப்பதாகவே காட்டிக் கொண்டிருந்தது. 'தொட்டி நிரம்பப் போகிறது' என்று ஒலிக்க வேண்டிய அலாரங்களும் இதே அளவுமானியைத்தான் நம்பியிருந்தன. எனவே அவையும் ஊமையாகிவிட்டன.

இரண்டாவது காவலர் - உச்ச மட்ட ஸ்விட்ச். அளவுமானி கெட்டுப் போனாலும் தனியாக வேலை செய்யும்படி தொட்டியின் உச்சியில் வைத்த ஸ்விட்ச் இது. பெட்ரோல் அந்த மட்டத்தைத் தொட்டதும் அலாரம் அடித்து, உள்ளே வரும் பெட்ரோலைத் தானாக நிறுத்த வேண்டும். ஆனால் அது அசையவே இல்லை. ஏன் தெரியுமா? ஒரு சின்னப் பூட்டு!

இந்த ஸ்விட்சைச் சோதித்துப் பார்க்க அதில் ஒரு கைப்பிடி உண்டு. சோதித்து முடித்ததும், கைப்பிடியைச் சரியான இடத்தில் நிறுத்தி ஒரு பூட்டைப் போட வேண்டும். பூட்டு இல்லாவிட்டால் கைப்பிடி கீழே இறங்கிவிடும். ஸ்விட்ச் வேலை செய்யாது. ஆனால், அதைப் பொருத்தியவர்கள், 'யாரும் கை வைக்காமல் இருக்கத்தான் இந்தப் பூட்டு' என்று நினைத்துவிட்டார்கள். பூட்டு எதற்காக என்று அவர்களுக்கு யாரும் தெளிவாகச் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. பூட்டுப் போடாமலே விட்டுவிட்டார்கள்.

மூன்றாவது காவலர் - தடுப்புச் சுவர். எண்ணெய்த் தொட்டிகளைச் சுற்றி கான்கிரீட் சுவர் கட்டியிருப்பார்கள். தொட்டியிலிருந்து கொட்டினாலும், எண்ணெய் வெளியே ஓடாமல் இந்தப் பாத்திக்குள்ளேயே நிற்க வேண்டும். பன்ஸ்ஃபீல்டிலும் சுவர் இருந்தது. ஆனால் குழாய்கள் நுழையும் துளைகளிலும் சுவரின் இணைப்புகளிலும் ஓட்டை விழுந்தது. எண்ணெயும், தீயை அணைக்க அடித்த தண்ணீரும் நுரையும் அதன் வழியே வெளியேறி மண்ணுக்குள் இறங்கின. நிலத்தடி நீர் மாசுபட்டது. தீயை அணைத்துவிட்டார்கள், மண்ணுக்கடியில் போன எண்ணெயை அவ்வளவு எளிதில் எடுத்துவிட முடியுமா?

பதினான்கு எச்சரிக்கைகள்

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். அந்த அளவுமானி அன்றுதான் முதன்முதலாகச் சிக்கியதா? இல்லை. 2005 ஆகஸ்ட் 31-க்கும் டிசம்பர் 11-க்கும் இடையில் மட்டும் 14 முறை சிக்கியிருக்கிறது! ஒவ்வொரு முறையும் எப்படியோ சரி செய்து வேலையை ஓட்டியிருக்கிறார்கள். ஏன் சிக்குகிறது என்று கண்டுபிடித்து முழுதாகச் சீர் செய்யவில்லை. அந்தப் பழுது எல்லோருக்கும் பழகிப் போய்விட்டது.

2010-ல் நீதிமன்றம் ஐந்து நிறுவனங்களைக் குற்றவாளிகள் என்று சொன்னது. அபராதமும் வழக்குச் செலவும் சேர்ந்து ஏறத்தாழ 95 லட்சம் பவுண்டு. பூட்டின் விலை எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

வருமுன் காப்போம்

தொட்டி நிரம்பி வழிவது மட்டும்தான் ஆபத்தா? தொட்டியே உடைந்தால்? அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் ஃப்ளோரெஃப் என்ற ஊரில், 1988 ஜனவரி 2 அன்று ஒரு டீசல் தொட்டி பிளந்தது. வேறொரு ஊரிலிருந்து பிரித்து எடுத்து வந்த பழைய தகடுகளால் கட்டிய தொட்டி அது. எண்ணெயைவிடத் தண்ணீர் கனமானது. அதனால் புதிதாகக் கட்டிய தொட்டியில் முதலில் தண்ணீரை நிரப்பி, தாங்குகிறதா என்று பார்ப்பது வழக்கம். அந்தத் தொட்டியை அப்படி முழுதாக நிரப்பிச் சோதிக்கவில்லை. டீசல் தடுப்பைத் தாண்டி மோனோங்கஹீலா ஆற்றில் கலந்தது. ஆற்றை நம்பியிருந்த ஊர்களில் லட்சக்கணக்கான மக்கள் குடிநீருக்குத் திண்டாடினார்கள்.

அதனால்தான் நல்ல எண்ணெய்க் கிடங்குகளில் தொட்டியின் அடித்தகடு துருப்பிடித்திருக்கிறதா என்று குறித்த காலத்தில் சோதிக்கிறார்கள். அலாரம் அடிக்கிறதா என்று அடித்துப் பார்க்கிறார்கள். தடுப்புச் சுவருக்குள் தேங்கும் மழைநீரை, எண்ணெய் கலந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே வெளியே விடுகிறார்கள்.

செய்து பாருங்கள்

ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் எடுத்து, விளிம்புள்ள ஒரு தட்டின் நடுவில் வையுங்கள். டம்ளர்தான் எண்ணெய்த் தொட்டி. தட்டின் விளிம்புதான் தடுப்புச் சுவர். டம்ளரைக் கவிழ்த்துப் பாருங்கள். தண்ணீர் முழுவதும் தட்டுக்குள் நின்றதா? வழிந்தால் விளிம்பு போதாது என்று அர்த்தம். பிரிட்டனில் ஒரு கணக்கு உண்டு. தடுப்புச் சுவர், உள்ளே இருக்கும் மிகப் பெரிய தொட்டியின் கொள்ளளவைப் போல 110 சதவீதம் பிடிக்க வேண்டும். அப்படியானால் 10 லட்சம் லிட்டர் தொட்டிக்கு எத்தனை லிட்டர்? கணக்கு நோட்டில் போட்டுப் பாருங்கள்!

நிறைவாக ஒன்று. உங்கள் பள்ளியிலும் வீட்டிலும் சுற்றிப் பாருங்கள். தொட்டால் 'சுரீர்' என்கிற ஸ்விட்ச், சரியாகப் பிடிக்காத சைக்கிள் பிரேக், மூடி உடைந்த தண்ணீர்த் தொட்டி ஏதாவது இருக்கும். கேட்டால், "அது எப்பவுமே அப்படித்தான்!" என்பார்கள். அந்தப் பதிலைக் கேட்டால் சும்மா இருக்காதீர்கள். நீங்களாகக் கை வைக்காமல், பெரியவர்களிடம் சொல்லுங்கள். சரி செய்யும் வரை சொல்லிக் கொண்டே இருங்கள்.

பதினான்கு முறை சொன்னது அந்த அளவுமானி. கேட்கத்தான் ஆளில்லை!