வெண்கதிரின் காரணம்

கடனா நதி பாயும் ஆழ்வார்குறிச்சி வயல்களில் பிசான நெல் கதிர்விடும் பருவத்தில், சில கதிர்கள் மட்டும் மணியின்றி வெளுத்து விறைத்து நிற்பதுண்டு. இழுத்தால் கையோடு வந்துவிடும். இதுவே வெண்கதிர்.

இதற்குக் காரணம் மஞ்சள் தண்டுத் துளைப்பான் என்னும் அந்துப்பூச்சி. பெண் பூச்சியின் மஞ்சள் முன்சிறகு ஒவ்வொன்றிலும் ஒரு கரும்புள்ளி உண்டு. பாரசீகக் கவிஞர் பாடிய விட்டிலைப் போன்றே இதுவும் இரவில் விளக்கைத் தேடி வரும். சிறகு பெற்றபின் இது எதையும் உண்பதில்லை. சில நாள் வாழ்ந்து, முட்டையிட்டு மடியும். தீங்கு முழுவதும் புழுப் பருவத்தினுடையது. அப்புழுவுக்கோ நெல்லே உணவு.

இலை நுனியருகே குவியலாக இட்ட முட்டைகளைத் தாய்ப்பூச்சி தன் வால்முனை மயிரால் மூடிவைக்கும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் வெளிவரும் புழு தண்டைத் துளைத்து உட்புகும். இளம்பயிராயின் நடுக்குருத்து காயும். புதுத் தூர் வெடித்துப் பயிர் ஓரளவு ஈடுசெய்துகொள்ளும். கதிர்ப் பருவத்தில் அதற்கு வழியில்லை. பின்னர்ப் புழு அடித்தண்டிலேயே கூட்டுப்புழுவாகும்.

தண்டினுள் புகுந்த புழுவை மருந்து எளிதில் எட்டாது. எனவே முட்டையைத் தேடி அழிப்பதே அறிவுடைமை. நடுமுன் நாற்றின் நுனியைக் கிள்ளுவது அதற்காகத்தான். டிரைக்கோகிரம்மா என்னும் நுண்குளவி இம்முட்டைகளுக்குள்ளேயே தன் முட்டையை இட்டு அவற்றை அழிக்கிறது. கண்மூடி மருந்தடிப்பவர் அத்துணையையும் இழக்கிறார். அறுவடை முடிந்ததும் அரிதாளை மடக்கி உழுதால், அடித்தண்டில் எஞ்சிய புழுக்களும் மடியும்.