கருகிய பெஞ்சும் கிங்கும்

கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில், அமரவிளைக்கு அதிகத் தூரமில்லாத ஊர் ஊரூட்டம்பலம். 1910-களில் ஒடுக்கப்பட்டோர் தலைவர் அய்யன்காளி, பஞ்சமி என்ற புலயர் சாதிச் சிறுமியை அங்குள்ள அரசுப் பள்ளிக்கு அழைத்துப் போனார். புலயர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க அரசாணை இருந்தும் ஆதிக்கச் சாதியினர் பள்ளிக்கே தீ வைத்தார்கள். அந்தத் தீயில் கருகிய பெஞ்சு ஒன்று இன்றும் அங்கே இருக்கிறது. 2022-இல் பள்ளிக்கு அய்யன்காளி, பஞ்சமி இருவர் பெயரையுமே சூட்டினார்கள்.

அமெரிக்கக் கறுப்பினப் போராட்டத்தைப் பாடம் நடத்தும் ஆசிரியருக்கு, ஒப்பிட்டுச் சொல்ல இந்தக் கதையோடு இன்னொரு கதையும் பக்கத்திலேயே கிடைக்கும். 1959-இல் திருவனந்தபுரம் வந்த மார்ட்டின் லூதர் கிங், தலித் பிள்ளைகள் படித்த பள்ளிக்குப் போனார். அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டப்படாதவர் என்று தலைமையாசிரியர் அறிமுகப்படுத்த, கிங் திடுக்கிட்டாராம்! பிறகு தம் மக்களின் நிலையை நினைத்து, ஆமாம், நானும் அப்படித்தான் என்று உணர்ந்ததாக 1965-இல் அட்லாண்டா தேவாலயத்தில் அவரே சொன்னார்.