மலையகத்து வானம் யாருடையது?

மலைநாட்டில் வாழ்வோர்க்கு வானம் எட்டாத பொருளன்று. ஹட்டனில் சாளரத்தைத் திறந்தால் முகில் உள்ளே நுழைந்துவிடும். நுவரெலியாவிலோ மாலையானதும் அது தெருவில் இறங்கி நம்மோடு நடக்கத் தொடங்கிவிடும். இவ்வளவு அண்மையில் இருந்தும், அது யாருடையதென்று நாம் கேட்டதில்லை. நிலத்தைப் பற்றிக் கேட்டே களைத்துப்போன ஒரு சமூகம் வானத்தைப் பற்றிக் கேளாதிருந்ததில் வியப்பென்ன? இன்று கைப்பெட்டிக்குள் அடங்கிவிடும் ட்ரோன் என்னும் ஆளில்லாப் பறக்கும் கருவி அந்தக் கேள்வியை லயத்து வாசலுக்கே கொண்டுவந்துவிட்டது.

என் தமக்கையின் மகன் கொழும்பிலே படம்பிடிக்கும் தொழில் செய்பவன். நோர்வூட்டுக்கு அப்பாலுள்ள தான் பிறந்த தோட்டத்தில் மாசி மாதத்தில் ஆடப்பெறும் காமன் கூத்தை மேலிருந்து படம்பிடிக்க அவனுக்கு ஆசை. “மாமா, இங்க பக்கத்துல ஏர்போர்ட்டே கிடையாதே. நம்ம தோட்டத்துக்கு மேல பறக்கவிட யாருகிட்டக் கேக்கணும்?” என்றான். கேள்வி சிறிது, விடை நீளமானது.

ஆளில்லா விமானத்துக்கு அனுமதி வேண்டும் என்ற எண்ணம் ட்ரோனோடு பிறந்ததன்று. 1944 டிசம்பரில் சிக்காகோ நகரில் கையெழுத்தான சர்வதேச விமானப் போக்குவரத்து உடன்படிக்கை, ஒவ்வொரு நாட்டுக்கும் தன் நிலத்தின் மேலுள்ள வானத்தில் முழு இறைமை உண்டென்று முதலிலேயே கூறிவிடுகிறது. அதன் 8ஆம் உறுப்புரை, விமானி இல்லாது பறக்கும் விமானம் எதுவும் ஒரு நாட்டின்மேல் அந்நாட்டின் விசேட அனுமதியின்றிப் பறத்தலாகாது என்று விதிக்கிறது. இலங்கையில் இந்த அதிகாரத்தைச் செலுத்துவது சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை. 2002ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த இச்சபையிடமே கருவியைப் பதிவு செய்வதும் அனுமதி கேட்பதும் நிகழவேண்டும்.

விமான நிலையம் இல்லையென்பதால் மலைநாட்டு வானம் வெறுமையாகிவிடாது. பீதுருதலாகலை 2,524 மீற்றர் உயரத்தில் இலங்கையின் முடியாக நிற்கிறது. அதன் உச்சியில் தகவற்றொடர்புக் கோபுரங்களும் ராடர் நிலையமும் உள்ளன. அது உயர்பாதுகாப்பு வலயம். காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிவந்த நீர்விமானங்கள் இறங்கியதுண்டு. அந்த அணையும் மவுசாகலை அணையும் நாட்டின் மின்சாரத்துக்கு ஊற்றுக்கண்கள். ஹோர்ட்டன் சமவெளியும் சிவனொளிபாதமலைக் காடுகளும் வனசீவராசிகள் திணைக்களத்தின் காவலில் உள்ளவை. சில கருவிகள் தடைப்பகுதியை அணுகும்போது தாமே எச்சரிக்கும். எச்சரிக்கை வராததை அனுமதியென்று கொள்பவர் ஏமாறுவர். நேற்றுக் கேட்டறிந்தது இன்றைக்குச் செல்லும் என்பதற்கும் உறுதியில்லை. 2019 ஏப்பிரலில் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளின் பின் சில நாட்களுக்குள் நாடு முழுவதும் ட்ரோன் பறக்கவிடுதல் தடைசெய்யப்பட்டதை நாம் மறக்கவில்லை.

இவற்றைவிட எனக்குப் பெரிதாகத் தோன்றுவது உயரம் பற்றிய சிக்கல். ட்ரோன் காட்டும் உயரம் பெரும்பாலும் அது எழும்பிய இடத்திலிருந்து அளந்தது. தரைநாட்டில் அதனால் கேடில்லை. தேயிலை மலையிலோ, அடிவாரத்தில் எழுப்பிச் சரிவை நோக்கி விட்டால், கருவி நூறு மீற்றர் என்று காட்டிக்கொண்டிருக்கையிலேயே கொழுந்து பறிப்பவளின் தலைக்கு நேரே வந்துவிடும். உச்சியில் எழுப்பிப் பள்ளத்தாக்கின்மேல் விட்டாலோ, இருபது மீற்றர் என்று காட்டுவது தரைக்கு இருநூறு மீற்றர் மேலே நிற்கக்கூடும். விதியிலுள்ள உயர எல்லை தரையிலிருந்து எண்ணப்படுவதாகையால், கருவியின் எண்ணை மட்டும் நம்புபவன் தான் அறியாமலே அதனை மீறிவிடுவான்.

எங்கே இருக்கிறோம், கீழே என்ன இருக்கிறது என்ற இரண்டையும் அறியாது பறந்ததன் விளைவை இந்த மலைகள் ஒருமுறை கண்டிருக்கின்றன. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிக்கொண்டு, இடையில் கட்டுநாயக்காவில் இறங்க வந்த மார்ட்டின் எயார் விமானம், நோர்ட்டன் பிரிஜ் பக்கத்து ஏழு கன்னியர் மலையில் மோதிச் சிதறியது. யாத்திரிகர் 182 பேர், பணியாளர் 9 பேர், ஒருவரும் மிஞ்சவில்லை. விமான நிலையத்திலிருந்து தாம் எவ்வளவு தொலைவில் இருக்கிறோம் என்பதை விமானிகள் பிழையாகக் கணித்துப் பாதுகாப்பான உயரத்துக்குக் கீழே இறங்கியதே காரணமென விசாரணையில் முடிவாயிற்று. கட்டுநாயக்காவுக்கு இன்னும் எழுபது கிலோமீற்றரளவு இருந்தது. கடலோரச் சமவெளியில் ஆபத்தில்லாதிருந்திருக்கக்கூடிய உயரம் இங்கே மலையின் நெஞ்சாக இருந்தது. மருமகனுக்கு இதை நான் விரிவாகவே சொன்னேன். மலையின் பெயரை அவன் அறிந்திருந்தான், எண்ணிக்கையை அறியான்.

நிலத்தின் உடைமையாளனுக்கு வானம்வரை உரிமை என்பது பழைய சட்ட மரபு. 1946இல் அமெரிக்க உயர்நீதிமன்றம் அதனைத் தளர்த்தியது. இராணுவ விமானங்கள் கூரையை உரசுவதுபோற் பறந்ததால் மிரண்டு கோழிகள் மாண்டன என்று வழக்காடிய வட கரோலினா விவசாயி ஒருவரின் வழக்கு அது. உயர வானம் பொதுவழி. ஆனால், நிலத்தோடு ஒட்டி, அவன் வாழ்வுக்கும் பயனுக்கும் வேண்டிய வானம் அவனுடையதே என்றது தீர்ப்பு. கோழிகளால் உலகுக்கு வந்த நீதி என்று நான் வகுப்பில் வேடிக்கையாகச் சொல்வதுண்டு.

அந்த நீதி லயத்துக்கு எவ்வாறு பொருந்தும்? இலங்கை சிக்காகோ உடன்படிக்கையில் இணைந்து தன் வானத்துக்கு உரிமை கொண்டது 1948இல். அதே ஆண்டின் குடியுரிமைச் சட்டமே தோட்டத் தமிழரை நாடற்றோராக்கியது. எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இல் வந்தது. நிலமோ இன்னும் பெரும்பாலோர்க்கு வரவில்லை. தோட்டங்கள் 1972இலும் 1975இலும் அரசுடைமையாகி, 1992இல் கம்பனிகளின் நிருவாகத்துக்குச் சென்றன. ஆகவே, தோட்டத்தின் மேலே பறக்கவிட விரும்புவோன் துரையிடம் கேட்கிறான். அவர் தலையசைத்தால் காரியம் முடிந்தது. நான்கு தலைமுறையாய் அங்கே வாழ்வோரை, நான் கண்டவரையில், எவரும் கேட்பதில்லை. சுற்றுலாப் படங்களிற் பச்சைக் கம்பளத்தில் வண்ணப் புள்ளிகளாய்த் தெரியும் பெண்களுக்குத் தாம் படமாவது தெரியுமா?

மருமகன் கொழும்பில் விண்ணப்பித்தான். துரையிடம் எழுத்தில் இசைவு பெற்றான். அதன்பின், என் சொற்படி, கூத்து நடக்கும் இடத்தைச் சுற்றியுள்ள லயங்களுக்கு நடந்தான். ஆண்கள் மகிழ்ந்தனர், பிள்ளைகள் கருவியைத் தொட்டுப் பார்த்தனர். கடைசிக் காம்பிராவின் இஸ்தோப்பில் அமர்ந்திருந்த மூதாட்டி ஒருத்தி மட்டும் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “தம்பி, அது பீலிப் பக்கம் வருமா?” என்றாள். மலையை விட்டிறங்கிய பெண்கள் குளிக்கும் பீலி அது. நாற்புறமும் தகரம் அடைத்திருந்தது, மேலே திறந்திருந்தது.

அதிகாரசபைக்கென அவன் அச்சிட்டு வைத்திருந்த வரைபடத்தில் அணை உண்டு, நீர்த்தேக்கம் உண்டு, தொழிற்சாலையும் உண்டு. பீலியைக் காணவில்லை. மூதாட்டியையே இடத்தைக் காட்டச் சொல்லி, அவன் அதைப் பென்சிலால் வட்டமிட்டுக்கொண்டான். “மூணு மணியிலருந்து இருட்டுற வரைக்கும்,” என்றாள் அவள். அதையும் பக்கத்தில் எழுதிக்கொண்டான்.