எதோடு எதை வைத்துப் பார்ப்பது?

1855 ஜனவரி. கிரிமியப் போரில் ருஷ்யாவை எதிர்த்து நின்ற பிரிட்டிஷ் படையில் அப்போது சராசரியாக 32,393 வீரர்கள் இருந்தார்கள். அந்த ஒரு மாதத்தில் போர்க்காயங்களால் இறந்தவர்கள் 83 பேர். காலரா, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் எனத் தடுத்திருக்கக்கூடிய நோய்களால் இறந்தவர்கள் 2,761 பேர். மற்ற காரணங்களால் இறந்தவர்கள் 324 பேர். எதிரியின் ஆயுதம் ஒருவரைக் கொன்ற காலத்தில் நோய் 33 பேரைக் கொண்டுபோயிருக்கிறது.

லண்டனில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தவருக்குப் போர் என்றால் பீரங்கியும் குதிரைப்படையும்தான். சாக்கடையும் அழுக்குத் தண்ணீரும் அந்தச் சித்திரத்தில் இல்லை. ராணுவப் பதிவேடுகளிலோ சாவுக்கணக்கு ஒரு துறைக்கு ஒரு விதமாக, ஒன்றோடொன்று ஒட்டாமல் கிடந்தது. இந்தக் கணக்கைச் சீர்செய்து, பார்த்தவர் மறக்க முடியாத ஒரு படமாக்கியவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். நம் பாடப்புத்தகங்களில் கைவிளக்கேந்திய காரிகையாக அறிமுகமானவர். புள்ளியியலில் அவர் செய்த வேலை, செவிலியத்தில் செய்ததற்குச் சற்றும் குறைந்ததல்ல.

தரவை மக்களுக்குப் புரியவைப்பது எப்படி என்று இன்று அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் நிறையப் பேசுகிறோம். வண்ணம், எழுத்துரு, மென்பொருள் என்று பேச்சு போகிறது. இதற்கெல்லாம் முன்னால் நிற்கும் கேள்வி ஒன்று உண்டு: எதோடு எதை வைத்துப் பார்க்கச் சொல்கிறோம்? படத்தின் உயிர் அந்த ஒப்பீட்டில் இருக்கிறது. ஒப்பீடு சரியாக அமைந்தால் எளிய கோடுகூடப் பேசும். தவறினால் எவ்வளவு அழகான படமும் ஊமைதான்.

பன்னிரண்டு மாதம், இரண்டு வட்டம்

போர் முடிந்து நாடு திரும்பிய நைட்டிங்கேல், இங்கிலாந்தின் பொதுப் பதிவாளர் அலுவலகத்தில் பணியாற்றிய வில்லியம் ஃபார் என்ற புள்ளியியலாளரோடு சேர்ந்து சாவுக்கணக்கை ஆராய்ந்தார். புள்ளிவிவரம் எவ்வளவு வறட்சியாக இருக்கிறதோ அவ்வளவுக்கு நல்லது என்பது ஃபாரின் கட்சி. நைட்டிங்கேலுக்கு அது ஒப்பவில்லை. அமைச்சர்களும் தளபதிகளும் அட்டவணையைப் புரட்டிப் பார்க்கப் போவதில்லை, காது வழியே ஏறாததைக் கண் வழியே ஏற்றியாக வேண்டும் என்று அவர் நினைத்தார்.

1858-இல் வெளிவந்த அவருடைய படத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஒரு வட்டம், பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு துண்டுகளாகப் பிரிந்திருக்கிறது. எல்லாத் துண்டுக்கும் கோணம் ஒன்றுதான். சாவு மிகுந்த மாதத்தில் துண்டு மையத்திலிருந்து வெளியே நீள்கிறது, குறைந்த மாதத்தில் உள்ளே சுருங்குகிறது. நீலம் தடுக்கக்கூடிய நோய்களுக்கு, சிவப்பு காயங்களுக்கு, கறுப்பு பிற காரணங்களுக்கு. 1854 ஏப்ரல் முதல் 1855 மார்ச் வரை வலப்பக்கத்தில் ஒரு வட்டம். அடுத்த பன்னிரண்டு மாதங்களுக்கு இடப்பக்கத்தில் இன்னொன்று. வலப்பக்க வட்டத்தில் 1855 ஜனவரியின் நீலத்துண்டு ஆள்விழுங்கி போல விரிந்து நிற்கிறது. அதன் அடியில் சிவப்பு ஒரு சின்னக் கீற்று. இடப்பக்க வட்டமோ ஏற்ற இறக்கங்களோடு சுருங்கி வந்து, முடிவில் மையத்தோடு ஒட்டிக்கொள்கிறது.

இரண்டு வட்டங்களையும் 1855 மார்ச்சில் பிரித்தது தற்செயல் அல்ல. பிரிட்டிஷ் அரசு அனுப்பிய சுகாதார ஆணையம், நைட்டிங்கேல் பணியாற்றிய ஸ்கூட்டாரி மருத்துவமனைக்கு வந்துசேர்ந்தது அந்த மாதத்தில்தான். சாக்கடைகளைக் கழுவினார்கள், குப்பையையும் விலங்குகளின் பிணங்களையும் அப்புறப்படுத்தினார்கள், காற்றோட்டத்துக்கு வழி செய்தார்கள். ஆக, அந்தப் படத்தில் இரண்டு ஒப்பீடுகள் இருக்கின்றன. நிறம் நோயையும் குண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. இரட்டை வட்டம், சுத்தம் செய்வதற்கு முந்தைய காலத்தையும் பிந்தைய காலத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கிறது. கதை என்பது இங்கே ஒட்டவைத்த அலங்காரம் அல்ல. படத்தைப் பிரித்த விதத்திலேயே கதை இருக்கிறது.

குளிர்காலம் போனதால் சாவு குறைந்திருக்கலாமே என்று ஒருவர் கேட்கலாம். நியாயமான கேள்வி. படம் அதற்கும் இடம் கொடுக்கிறது. இரண்டு வட்டத்திலும் ஜனவரி உண்டு. 1855 ஜனவரியில் நோயால் இறந்தவர்கள் 2,761 பேர். 1856 ஜனவரியில், படை 44,212 பேராகப் பெருகியிருந்தும், நோய்க்குப் பலியானவர்கள் 42 பேர். குளிருக்குக் குளிர் ஈடாகிவிடுகிறது. ஆனால் அந்த ஓராண்டில் மாறியது சுகாதாரம் மட்டும் அல்ல. உணவும் உடையும்கூட ஒழுங்காக வரத் தொடங்கியிருந்தன, ருஷ்யக் கோட்டை நகரின் மீதான முற்றுகையும் முடிந்திருந்தது. எந்தக் காரணத்துக்கு எவ்வளவு பங்கு என்பதைப் படம் தனியாகப் பிரித்துச் சொல்லிவிடாது. ஆனால் இந்தச் சாவுகள் போரின் தவிர்க்க முடியாத விலை என்று இனி யாரும் சொல்ல முடியாதபடி செய்துவிட்டது.

வட்டத்தோடு அவர் நின்றுவிடவில்லை. அமைதிக் காலத்தில் இங்கிலாந்தின் படைமுகாம்களில் இருந்த வீரர்களையும், அதே வயதுள்ள மற்ற ஆண்களையும் ஒப்பிட்டு, சோடி சோடியாகக் கோடுகள் வரைந்தார். 20 முதல் 25 வயதுவரை உள்ள பொதுமக்களில் ஆண்டுக்கு ஆயிரத்துக்கு 8.4 பேர் இறந்தார்கள். வீரர்களில் 17 பேர். உடல்தகுதி பார்த்துப் பொறுக்கியெடுத்த இளைஞர்கள், போரே இல்லாத காலத்தில், வெளியே இருப்பவர்களைப்போல் இரு மடங்கு சாகிறார்கள். இரண்டு கோடுகள் போதும், விளக்கவுரை தேவையில்லை.

அந்த வழிமுறை இந்தியாவுக்கும் வந்தது. இங்கிருந்த பிரிட்டிஷ் படையின் சுகாதாரத்தை ஆராய 1859-இல் அமைந்த ஆணையத்துக்காக, ஒவ்வொரு படைநிலையத்துக்கும் கேள்விப்பட்டியல் அனுப்பி விவரம் திரட்டினார்கள். அதன் பின்னால் நின்று உழைத்தவர் நைட்டிங்கேல். ஆண்டுக்கு ஆயிரம் வீரர்களுக்கு 69 பேர் இறக்கிறார்கள் என்று 1863-இல் அறிக்கை சொன்னது. அடுத்த ஆண்டே வங்காளம், சென்னை, பம்பாய் மாகாணங்களில் சுகாதார ஆணையங்கள் அமைந்தன.

கண்ணுக்கு எது எளிது?

நைட்டிங்கேலின் முதல் வரைவுகளில் ஒரு சிக்கல் இருந்தது. சாவு விகிதத்துக்கு ஏற்ப மையத்திலிருந்து தூரத்தை மட்டும் அளந்து வரைந்திருந்தார். நம் கண்ணோ தூரத்தைப் பார்ப்பதில்லை, நிறம் நிரம்பிய பரப்பைப் பார்க்கிறது. தூரம் நான்கு மடங்கானால் பரப்பு பதினாறு மடங்காகிவிடும். தன் வாதத்துக்குச் சாதகமான மிகைதான் அது. ஆனாலும் அவர் திருத்தக் குறிப்பு சேர்த்தார். பின்னர் பரப்பே சாவு விகிதத்தைக் காட்டும்படி மாற்றி வரைந்தார். நல்ல நோக்கத்துக்காகக்கூடப் படம் பொய் சொல்லக்கூடாது என்ற அந்த நேர்மைதான், படத்தைவிடவும் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

கண் எதைச் சரியாக அளக்கிறது, எதில் தடுமாறுகிறது என்பதை 1984-இல் வில்லியம் கிளீவ்லண்ட், ராபர்ட் மெக்கில் இருவரும் சோதனை செய்து வரிசைப்படுத்தினார்கள். ஒரே அளவுகோலின் மேல் இரண்டு புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்பதை மனிதர்கள் மிகச் சரியாகச் சொல்கிறார்கள். நீளத்தை ஒப்பிடுவது அடுத்த படி. கோணம் அதற்கும் கீழே, பரப்பு இன்னும் கீழே, நிறத்தின் அடர்த்தி கடைசிப் பக்கம். வட்ட விளக்கப்படத்தில் இரண்டு துண்டுகளில் எது பெரிது என்று தயங்குகிறவர், அதே எண்களைப் பட்டைகளாக வரைந்தால் உடனே சொல்லிவிடுவது இதனால்தான். 1786-இல் பட்டை வரைபடத்தையும் 1801-இல் வட்ட விளக்கப்படத்தையும் அச்சுக்குக் கொண்டுவந்தவர் வில்லியம் பிளேஃபேர் என்ற ஒரே ஆள். ஆனால் அவர் கொடுத்த இரண்டு கருவிகளுக்கும் ஒரே கூர்மை கிடையாது.

பட்டைக்கும் ஒரு விதி உண்டு: அடி பூஜ்ஜியத்தில் தொடங்க வேண்டும். ஒரு பள்ளியின் தேர்ச்சி விகிதம் 90-லிருந்து 92 ஆனதாக வைத்துக்கொள்வோம். அச்சை 88-இல் தொடங்கினால் ஒரு பட்டையின் உயரம் இரண்டு, மற்றதன் உயரம் நான்கு. தேர்ச்சி இரட்டிப்பானதுபோல் தெரியும். எழுதிய எண் ஒவ்வொன்றும் சரி. மனதில் பதிந்தது பொய்.

படமே வேண்டாம், சராசரி சொன்னால் போதாதா என்பவர்களுக்கு 1973-இல் ஃபிரான்சிஸ் ஆன்ஸ்கோம் ஒரு பதில் வைத்தார். தலா பதினொரு புள்ளிகள் கொண்ட நான்கு தரவுத் தொகுப்புகளை உருவாக்கினார். நான்கிலும் முதல் அளவின் சராசரி 9, இரண்டாவதன் சராசரி 7.5, இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவுக் கெழு 0.816. அட்டவணையில் நான்கும் உடன்பிறப்புகள். வரைந்து பார்த்தால் ஒன்றில் புள்ளிகள் நேர்கோட்டை ஒட்டிச் சிதறியிருக்கின்றன. இன்னொன்று வழவழப்பான வளைவு. மூன்றாவதில் பத்துப் புள்ளிகள் கோடு பிசகாமல் நிற்க ஒன்று மட்டும் துள்ளி விலகியிருக்கிறது. நான்காவதில் ஒரே செங்குத்துக் கோட்டில் பத்துப் புள்ளிகள், எங்கோ தொலைவில் தனியாக ஒன்று. சுருக்கம் மறைத்ததைப் படம் ஒரே பார்வையில் வெளிக்கொண்டு வருகிறது.

காட்டாமல் விட்ட புள்ளிகள்

தவறான ஒப்பீட்டின் விலை என்ன என்பதற்கு 1986 ஜனவரி 27 இரவைப் பார்க்க வேண்டும். மறுநாள் காலை சேலஞ்சர் விண்வெளி ஓடம் புளோரிடாவிலிருந்து புறப்படவிருந்தது. வெப்பநிலை உறைநிலைக்கும் கீழே இறங்கும் என்று முன்னறிவிப்பு. அதுவரை நடந்த பயணங்களில் மிகக் குளிரானதில்கூட, திட எரிபொருள் ராக்கெட்டுகளின் இணைப்பை அடைக்கும் ரப்பர் ஓ ரிங்கின் வெப்பநிலை 12 டிகிரி செல்சியஸாக இருந்தது. குளிரில் ரப்பர் விறைத்து அடைப்புத் தளரும் என்று அஞ்சிய பொறியாளர்கள், ஏவ வேண்டாம் என்று தொலைபேசி ஆலோசனையில் வாதாடினார்கள்.

அந்த விவாதத்தில் அலசப்பட்டவை ஓ ரிங் சேதமடைந்த பயணங்கள் மட்டுமே. ஏழு பயணங்கள். அவற்றின் வெப்பநிலை: 12, 14, 14, 17, 21, 21, 24. குளிரிலும் சேதம், வெதுவெதுப்பிலும் சேதம். இதை வைத்து வெப்பநிலைக்கும் சேதத்துக்கும் தொடர்பு இருப்பதாக நிறுவ முடியவில்லை.

சேதமே இல்லாத பயணங்களையும் சேர்த்துப் பார்த்திருந்தால்? விபத்துக்குப் பிறகு அமைந்த ரோஜர்ஸ் ஆணையம் அதைச் செய்தது. ஏறத்தாழ 19 டிகிரியும் அதற்கு மேலும் இருந்தபோது நடந்த 20 பயணங்களில் மூன்றில் மட்டுமே சேதம். 17 டிகிரியும் அதற்குக் கீழும் இருந்தபோது நடந்த நான்கில் நான்கிலும் சேதம். வெப்பநிலைக்கு எதிராகச் சேதத்தைக் காகிதத்தில் புள்ளி வைத்தால், வலப்பக்கம் மூன்றைத் தவிர மற்றவை எல்லாம் பூஜ்ஜியத்தில் வரிசைகட்டி நிற்கும் புள்ளிகள். இடப்பக்கம் பூஜ்ஜியத்தில் ஒன்றுகூட இல்லை. மறுநாள் காலையின் வெப்பநிலையோ அதற்கும் இடப்புறம், யாரும் போயிராத தூரத்தில்.

ஓடம் புறப்பட்ட 73 நொடிகளில் சிதைந்தது. ஏழு பேர் இறந்தார்கள். பழியை ஒரு வரைபடத்தின் தலையில் கட்டுவது பொறியாளர்களுக்கு அநீதி. அவர்கள் எச்சரித்தார்கள், மேலிருந்தவர்கள் அதை மீறி முடிவெடுத்தார்கள். ஆனாலும் அந்த இரவில் அவர்களுக்குத் தேவைப்பட்ட ஆயுதம் அவர்களுடைய கோப்புகளிலேயே இருந்தது. ஒன்றும் நேராத பயணங்களைக் கணக்கில் சேர்க்கத் தோன்றவில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஆணைய உறுப்பினரான இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மன், தொலைக்காட்சிக் கேமராக்களின் முன்னால் ஒரு ஓ ரிங் துண்டைச் சிறு இடுக்கியில் இறுக்கி, தன் முன்னாலிருந்த ஐஸ் தண்ணீர் கோப்பையில் போட்டார். சற்று நேரம் கழித்து எடுத்து இடுக்கியைத் தளர்த்தினார். ரப்பர் உடனே பழைய வடிவத்துக்கு மீளவில்லை. பல பக்கத் தொழில்நுட்ப வாதம் எல்லாருக்கும் அந்தக் கணத்தில் புரிந்தது. வரைபடம் எதுவும் இல்லை. ஆனால் ஒப்பீடு இருந்தது: மீள வேண்டிய ரப்பர், மீளாத ரப்பர்.

வரையும் முன்

பஞ்சாயத்துக் கூட்டத்தில் குடிநீர்க் கணக்கு வைப்பவருக்கும், ஆய்வுக்கூட்டத்தில் அறிக்கை வாசிப்பவருக்கும், பெற்றோர்முன் மதிப்பெண் பட்டியலோடு நிற்கும் ஆசிரியருக்கும் இதில் எடுத்துக்கொள்ள இருக்கிறது. முதலில், கேட்பவர் எழுந்து போகும்போது மனதில் எதைக் கொண்டுபோக வேண்டும் என்பதை ஒரே வாக்கியமாக எழுதிப் பார்க்கலாம். அப்படி எழுத வரவில்லை என்றால் படம் வரைய இன்னும் நேரம் வரவில்லை. எழுத வந்தால், அந்த வாக்கியத்தில் ஒளிந்திருக்கும் ஒப்பீடு எது என்று தேட வேண்டும்: போன ஆண்டோடா, பக்கத்து ஊரோடா, இருந்திருக்க வேண்டிய அளவோடா? ஒப்பிட வேண்டிய இரண்டும் ஒரே அளவுகோலில், பக்கத்தில் பக்கத்தில், நிறம் பிரிந்து நிற்கட்டும். அதற்கு உதவாத கோடும் நிழலும் முப்பரிமாண ஜாலமும் வெளியேறட்டும்.

பிறகு, நம் கட்சிக்கு எதிராக ஒருவர் என்ன கேட்பார் என்று யோசித்து, அதற்கான பதிலையும் அதே படத்தில் வைக்க வேண்டும். இரண்டு ஜனவரிகளைப் போல. கடைசியாக, விட்டுப்போனது எது என்று தேட வேண்டும். காய்ச்சல் வந்த தெருக்களைக் குறிக்கும்போது வராத தெருக்களையும், தவறிய மாணவர்களைப் பார்க்கும்போது தேறியவர்களையும் அதே தாளில் வைத்தாக வேண்டும். ஒன்றும் நடக்காத நாளும் தரவுதான். அதை விட்டுவிட்டு வரைந்தால், நடந்தது ஏன் நடந்தது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.