காட்டை விலைக்கு வாங்கலாமா?

குழந்தைகளே! கடையில் பேனா வாங்கலாம். சந்தையில் ஆடு வாங்கலாம். ஒரு காட்டை விலைக்கு வாங்க முடியுமா?

"காடெல்லாம் அரசாங்கத்துக்குச் சொந்தமாயிற்றே ஐயா!" என்று நீங்கள் சொல்வது காதில் விழுகிறது. பாதி சரிதான். ஆனைமலைக் காட்டையோ, சத்தியமங்கலம் காட்டையோ யாரும் விலை பேச முடியாது. அவை வனத்துறையின் பொறுப்பில் இருப்பவை. ஊர்ச் சாமியைச் சுற்றியிருக்கும் கோயில் காடுகளும் அப்படித்தான், தனியாருக்குக் கிடையாது. திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் ஒரு கோயில் காடு இருக்கிறது. பரப்பு 5 ஹெக்டேர்கூட இல்லை. ஆனாலும் தமிழக அரசு அதை 2025-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது.

இங்கிலாந்தில் கதையே வேறு. அங்கே சாதாரணக் குடும்பத்தினர்கூட நாலைந்து ஏக்கர் காட்டை விலைக்கு வாங்கிப் பராமரிக்கிறார்கள். அதிலும் பழங்காடு என்றால் மதிப்பு அதிகம். 1600-ஆம் ஆண்டிலிருந்து இடைவிடாமல் காடாகவே இருந்திருந்தால்தான் அங்கே பழங்காடு என்று ஒப்புக்கொள்வார்கள். இப்படிப்பட்ட காடுகள் அழிவதைப் பார்த்து வருந்திய கென்னத் வாட்கின்ஸ் என்பவர், 1972-இல் காடுகளைக் காக்க ஓர் அறக்கட்டளையைத் தொடங்கினார். இன்று அந்த அறக்கட்டளையின் கையில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட காடுகள் இருக்கின்றன.

சரி, அவ்வளவு தூரம் போவானேன்? பட்டாவும் பத்திரமும் உள்ள காடுகள் நம் திருப்பூர் மாவட்டத்திலேயே இருக்கின்றன. தாராபுரத்திலிருந்து கரூர் போகும் சாலையில் மூலனூர் வரைக்கும் ஒரு முறை போய் வாருங்கள். சாலையின் இருபுறமும் முள் வேலி, வேலிக்குள்ளே புல்வெளி, புல்வெளியில் தள்ளித் தள்ளி நிற்கும் மரங்கள். இதற்குத்தான் கொறங்காடு என்று பெயர். பல தலைமுறைகளாகக் குடும்பச் சொத்தாகக் கைமாறி வருகிற மேய்ச்சல் காடு இது. சிலர் விலைக்கு வாங்குவார்கள். நிலம் இல்லாதவர்கள் குத்தகைக்குப் பிடித்து ஆடு மேய்ப்பார்கள்.

காடு என்றதும் யானையும் அருவியும் தேடாதீர்கள்! இங்கே ஆண்டுக்கு மொத்தமே சுமார் 600 மில்லிமீட்டர் மழைதான். அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகையில் பெய்துவிடும். மற்ற மாதங்களில் வெயில். ஆடி மாதத்தில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று ஆளையே தள்ளும். இந்த வறண்ட பூமியில் என்ன விளையும் என்று பார்த்துப் பார்த்து நம் முன்னோர் அமைத்ததுதான் கொறங்காடு.

இதில் மூன்று பேர் முக்கியமானவர்கள். முதலாவது, கொழுக்கட்டைப் புல். இது மழை பெய்தால் குப்பென்று தழைக்கும். வெயிலில் காய்ந்து வைக்கோல் நிறமாகும். ஆனால் மண்ணுக்குள் தூர் உயிரோடு இருக்கும். அடுத்த மழை வரும்வரை அது பொறுமையாகக் காத்திருக்கும்.

இரண்டாவது, வெள்வேல மரம். வெளுத்த பட்டை, சின்னச் சின்ன இலை, முள். வேர் ஆழமாக இறங்குவதால் கோடையிலும் பச்சையாக நிற்கும். புல்லெல்லாம் காய்ந்து, ஆடுகள் வாடி நிற்கிற காலத்தில்தான் இதன் காய்கள் முற்றி உதிரும். ஆடுகள் ஓடி ஓடிப் பொறுக்கித் தின்னும். காய்க்குள் இருக்கும் விதை கெட்டியானது. அது ஆட்டின் வயிற்றுக்குள் போய்த் தோல் இளகி, புழுக்கையோடு வெளியே விழும். மழை பெய்ததும் முளைக்கும். நடுகிறவர் யார்? ஆடு! உரம் போடுகிறவர் யார்? அதுவும் ஆடுதான்!

மூன்றாவது, கிளுவை. வேலி இதுதான். கிளுவைக் குச்சிகளை வெட்டி நெருக்கமாக ஊன்றினால் துளிர்த்து, முள்ளோடு பின்னிக்கொண்டு சுவராகிவிடும். இரும்புக் கம்பி வேலி துருப்பிடிக்கும். கிளுவை வேலி ஆண்டுக்கு ஆண்டு தடிக்கும். கௌதாரியும் காடையும் முயலும் கீரியும் ஒளிந்துகொள்ள இதைவிட நல்ல இடம் கிடைக்காது. கோடையில் இலையெல்லாம் கொட்டிவிட்டு எலும்பும் தோலுமாக நிற்கும். பட்டுப்போய்விட்டது என்று நினைத்துப் பிடுங்கிவிடக் கூடாது. ஒரு மழை போதும், மறுபடி துளிர்த்துவிடும்.

காங்கேயம் மாடுகள் இந்தக் காடுகளில் மேய்ந்து வளர்ந்தவைதான். கன்று பிறக்கும்போது செம்பழுப்பாக இருக்கும். ஆறு மாதம் ஆவதற்குள் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். புதிதாகப் பார்ப்பவர்கள் கன்றை மாற்றிவிட்டார்களோ என்றுகூட நினைப்பார்கள்!

இப்போது, உங்கள் வீட்டில் பத்து ஏக்கர் கொறங்காடு வாங்கியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்திரப் பதிவு ஒரே நாளில் முடிந்துவிடும். அதற்கப்புறம்தான் வேலை.

முதலில் வேலியைச் சுற்றி வர வேண்டும். எங்கே சந்து விழுந்திருக்கிறது? அங்கே மழைக்கு முன்னால் கிளுவைக் குச்சி ஊன்ற வேண்டும். அடுத்து, பத்து ஏக்கரையும் ஒரே காடாக விடாமல் நடுவில் வேலி வைத்து மூன்று நான்கு துண்டாகப் பிரிக்க வேண்டும். எல்லாவற்றிலும் ஒரே நேரத்தில் ஆட்டை விட்டால் என்ன ஆகும்? புல் தலை தூக்கும் முன்பே கடிபட்டுப் போகும். அதனால் ஒரு துண்டில் மேயும்போது மற்றவற்றைப் பூட்டி வைப்பார்கள். முக்கியமாக, மழை பெய்து புல் துளிர்க்கும் சமயத்தில் பொறுமை வேண்டும். பச்சையைப் பார்த்ததும் ஆட்டுக்கும் ஆசை வரும், நமக்கும் ஆசை வரும். ஆனால் புல் பூத்து விதை உதிர்க்கும்வரை விட்டுவைத்தால்தான் அடுத்த ஆண்டுக்குப் புல் இருக்கும். காட்டுக்கும் அரைப் பரீட்சை லீவு மாதிரி ஓய்வு வேண்டும்.

வெள்வேல மரமும் அளவோடுதான் இருக்க வேண்டும். ஒன்றுமே இல்லாவிட்டால் நிழலும் காயும் இல்லை. நெருக்கமாகிவிட்டால் வெயில் தரையில் விழாது, புல் வராது. ஆகவே கன்றுகளில் சிலவற்றை விட்டு, சிலவற்றை எடுத்துவிடுவார்கள். புல் சோர்ந்துபோனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை உழுது சோளம் விதைப்பதும் உண்டு. மண் பொலபொலப்பாகி, புதைந்து கிடந்த புல் விதைகள் மறுபடி எழும்.

அடுத்தது எதிரி. சீமைக்கருவேலம்! மெக்சிகோ, தென் அமெரிக்கா பக்கத்து மரம் இது. இதன் காயும் இனிப்பு. அதையும் ஆடு மாடு தின்னும். வெள்வேலம் பரவும் அதே வழியில்தான் இதுவும் பரவுகிறது. ஒரு வருடம் கவனிக்காமல் விட்டால் வேரோடு பிடுங்கச் சின்னப் பிள்ளையால் முடியும். பத்து வருடம் விட்டால் பொக்லைன் வர வேண்டும்!

இதில் ஒரு வேடிக்கை கேளுங்கள். நாம் பாதுகாக்கிற இதே கொழுக்கட்டைப் புல், அமெரிக்காவின் அரிசோனா பாலைவனத்தில் பெரிய களை. மேய்ச்சலுக்காகக் கொண்டுபோனது அங்கே கட்டுக்கடங்காமல் பரவி, காய்ந்து தீப்பிடித்து, பல நூறு கிலோ எடையுள்ள சாகுவாரோ கள்ளிகளை எரித்துவிடுகிறது. அங்கே தொண்டர்கள் கூட்டம் கூட்டமாகப் போய்ப் பிடுங்குகிறார்கள். அவர்கள் கண்டத்து மரத்தை நாம் பிடுங்குகிறோம். நம் புல்லை அவர்கள் பிடுங்குகிறார்கள்! எந்தச் செடியும் பிறவியிலேயே கெட்டதல்ல. இடம் மாறினால் தொல்லை.

கொறங்காடுகள் இப்போது குறைந்துகொண்டே வருகின்றன. மூலனூர்ப் பக்கத்து இளைஞர்கள் பலர் திருப்பூர் பனியன் கம்பெனி வேலைக்குப் போகிறார்கள். அதைக் குறை சொல்ல முடியாது. மாதச் சம்பளம் கையில் வருகிறது. ஆனால் ஆட்டின் பின்னால் நடக்க ஆள் இல்லை. ஆள் இல்லாவிட்டால் காடு சும்மா கிடக்கும். சும்மா கிடந்தால் விற்கத் தோன்றும். வாங்குகிறவர் ஆடு வளர்ப்பவராக இருந்தால் கவலை இல்லை. மனை போடவோ, சூரிய மின்தகடு பதிக்கவோ வாங்கினால் முதல் வேலையாக மரமும் வேலியும் போய்விடும். காற்றாலையாவது பரவாயில்லை, அதன் காலடியில் ஆடு மேயலாம். சூரிய மின்சாரம் நமக்குக் கட்டாயம் வேண்டியதுதான். ஆனால் வெயில் காய்கிற மொட்டை மாடிகளுக்கும் கம்பெனிக் கூரைகளுக்கும் திருப்பூரில் என்ன பஞ்சம்? இது என் கட்சி. உங்கள் அறிவியல் ஆசிரியர் வேறு மாதிரி சொன்னால் வகுப்பிலேயே விவாதித்துப் பாருங்கள்.

தகடு பதித்த நிலத்தைப் பின்னாளில் திரும்ப வாங்கிவிடலாம், பணம் இருந்தால். வெள்வேலங்கன்று மரமாகிக் காய்க்கப் பல ஆண்டுகள் ஆகும். தடித்த கிளுவை வேலி ஒரு தலைமுறையின் உழைப்பு. புல் விதை போன மண்ணில் அது மறுபடி நிறைய எத்தனை மழைக்காலம் வேண்டுமோ!

உங்கள் அப்பாருவிடமோ அப்பச்சியிடமோ, "நமக்குக் கொறங்காடு இருந்ததா?" என்று கேட்டுப் பாருங்கள். இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களோடு வேலியைச் சுற்றி வாருங்கள். செருப்புப் போட்டுக்கொண்டு போங்கள், வெள்வேல முள் கால் தாங்காது. வேலியில் சந்து கண்ணில் பட்டால் அவர்களிடம் சொல்லுங்கள். எந்தக் கிளுவையில் குச்சி வெட்ட வேண்டும், எவ்வளவு ஆழம் ஊன்ற வேண்டும் என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.