ரப்பர் இலையில் தேன்! மழையில் சீனி வைத்தால்தான் மாசியில் காசு

மார்த்தாண்டம் வட்டாரத்தில் தேனை அள்ளித் தருவது பூ அல்ல, ரப்பர் இலை!

டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்க்கும் ரப்பர் மரம் மறுபடி துளிர்க்கும். இளம் இலையின் காம்பு நுனியில் இனிப்பு நீர் சுரக்கும். பிப்ரவரி முதல் தேனீக்களுக்குக் கொண்டாட்டம்தான்!

பஞ்ச காலம்

மழைக்காலத்தில் நிலைமை தலைகீழ். அப்போது பெட்டிக்குள் சீனிப்பாகு வைக்க வேண்டும். எறும்பு ஏறாமல் பெட்டியின் காலடியில் தண்ணீர்க் கிண்ணமும் வேண்டும்.

செலவுக்குப் பயந்து சும்மா இருந்தால்? பசிச்ச ஈ நிக்காது. ராணியோடு கூட்டமே கம்பி நீட்டிவிடும்!

1991-92-ல் வைரஸ் நோய் தாக்கி, தென்னிந்தியாவில் பெட்டி பெட்டியாகத் தேனீக்கள் மடிந்தன. தப்பிப் பிழைத்த கூட்டங்களைப் பெருக்கித்தான் தொழில் மீண்டது.

மழையில் ஈயைக் காப்பாற்றியவருக்கே மாசியில் தேன். மற்றவருக்குக் காலிப்பெட்டிதான் மிச்சம்!